ஸ்கோர் புத்தகமும் பிரஸ் கார்டும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



விளையாட்டுச் செய்தி எழுத யாருக்கு உரிமை உண்டு? பத்திரிகை ஆபீசில் சம்பளம் வாங்கி, கழுத்தில் பிரஸ் கார்டு மாட்டிக்கொண்டு, மைதானத்தில் தனி இடத்தில் உட்காருகிறவருக்கு மட்டுமா? கேலரியில் விசில் அடிக்கிற ரசிகனும் எழுதலாமா? எழுதினால் அதை நம்பலாமா? இக்கட்டுரை இந்தக் கேள்வியைப் பற்றியது.

மலரில் ஹைட்ராலிக்ஸ் பற்றியும் எரிசக்திச் சிக்கனம் பற்றியும் கட்டுரை வருகிற இடத்தில் இது எதுக்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு ரவுண்டு போய் வாருங்கள். வீடு கட்டாத மனை, வற்றிப்போன ஏரி, சிப்காட் காம்பவுண்டுக்கு வெளியே உள்ள பொட்டல் எல்லா இடத்திலும் டென்னிஸ் பால் கிரிக்கெட். பொங்கல் வந்தால் கபடி. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள். இந்த ஆட்டங்களுக்கு எந்த நிருபரும் வருவதில்லை. வரவும் முடியாது, அத்தனை ஆட்டம். அப்ப எழுதப்போவது யார்? நம்மைப் போன்றவர்கள்தான். எனவே எப்படி எழுதுவது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ரசிகர்கள் தொடங்கிய வேலை

கிரிக்கெட்டில் இதற்குப் பெரிய உதாரணம் 'கிரிக்இன்ஃபோ'. 1993ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயர் இதை ஆரம்பித்தார். அந்த நாட்டுப் பத்திரிகையில் கிரிக்கெட் ஸ்கோர் கிடைக்காது. அங்கே படிக்கப் போன இந்திய, பாகிஸ்தான், இலங்கை, ஆஸ்திரேலிய மாணவர்கள் தவித்துப்போனார்கள். எந்த ஊரில் யாரிடம் ரேடியோவோ டி.வி.யோ இருக்கிறதோ அவர் கேட்டுக் கேட்டு, பந்து பந்தாகக் கம்ப்யூட்டரில் தட்டுவார். உலகத்தின் மறுமூலையில் இருப்பவர் படிப்பார். சம்பளம் கிடையாது. பிரஸ் கார்டு கிடையாது. இதில் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்து உழைத்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர் பத்ரி சேஷாத்ரி. சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்துவிட்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். (நம்ம பிராஞ்ச் என்பதைக் கவனிக்கவும்!) 2003ல் விஸ்டன் நிறுவனமும், 2007ல் ஈ.எஸ்.பி.என். நிறுவனமும் அதை வாங்கின. ரசிகன் வீட்டு முற்றத்தில் வளர்ந்த செடி பெரிய கம்பெனித் தோட்டத்துக்குப் போனது எனலாம்.

இதற்கும் முந்தைய கதை ஒன்று பேஸ்பாலில் உண்டு. பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆனாலும் அமெரிக்கர்களுக்கு அது நமக்கு கிரிக்கெட் மாதிரி. அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் அட்டையை ஒழுங்குபடுத்திய ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர்தான். ஆகவே இரண்டும் உறவுமுறை ஆட்டங்கள்.

நான் சொல்ல வந்தது பில் ஜேம்ஸ் என்பவரைப் பற்றி. கான்சாஸ் மாநிலத்தில் டப்பாவில் பீன்ஸ் அடைக்கும் பாக்டரி ஒன்றில் நைட் வாட்ச்மேன். ஒரகடத்தில் கேட் பக்கத்தில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருக்கிற அண்ணன்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலை. ராத்திரியில் வேலை குறைவான நேரத்தில் பழைய ஸ்கோர் அட்டைகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். எந்த ஆட்டக்காரன் உண்மையில் அணிக்கு உதவுகிறான், எவனுக்கு வெறும் பெயர் மட்டும் இருக்கிறது என்று ஆராய்ந்தார். 1977ல் தானே ஒரு புத்தகம் போட்டார். விற்றது சுமார் 75 பிரதி. பத்திரிகைக்காரர்கள் இவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் முழு விவரமும் ஒரு தனியார் நிறுவனத்திடம் பூட்டிக் கிடந்ததால், 1984ல் ஊர் ஊராக ரசிகர்களையே ஸ்கோர் எழுத வைக்கும் திட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். 2002ல் பாஸ்டன் அணி அவரையே வேலைக்கு எடுத்தது. 2004ல் அந்த அணி 86 வருடம் கழித்து உலகப் பட்டம் வென்றது. வாட்ச்மேனால்தான் வென்றது என்று சொன்னால் அது ரசிகன் பேச்சு. வென்ற அணியில் அவர் ஆலோசகராக இருந்தார் என்பது மட்டுமே செய்தி.

இந்த வித்தியாசம்தான் கட்டுரையின் மையம். ஆனால் அதற்கு முன் எதிர்த்தரப்பு நியாயத்தையும் பார்த்துவிடலாம். அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் 1908ல் தொடங்கியது. பத்திரிகையில் அச்சேறாமல் இணையத்தில் மட்டும் எழுதுகிறவர்களை 2007 டிசம்பரில்தான் உறுப்பினராகச் சேர்த்தது. அப்போதும் பிரபலமான இருவரை மறுத்தது; அடுத்த வருடம் சேர்த்தது. மறுத்ததற்குச் சொன்ன காரணம், அவர்கள் மைதானத்துக்குப் போதிய அளவு போவதில்லை என்பது. கேட்டால் சின்னக் காரணமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. இன்று ஒரு ஆட்டக்காரனைத் திட்டி எழுதுகிற நிருபர், நாளைக் காலை அதே ஆட்டக்காரன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவன், 'சார், நான் எப்ப அப்படிச் செஞ்சேன்?' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இந்தப் பயம் இல்லை.

நம் ஊர் நிலைமை வேறு. இங்கே ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவனும் ஆடியவனும் அடுத்த நாள் ஒரே ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். அந்த வகையில் நாம் பெரிய நிருபர்களைவிடக் கட்டுப்பாடு உள்ளவர்கள்.

நடந்தது, சொன்னது, நினைப்பது

1986 செப்டம்பர் 22. சேப்பாக்கம். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட், ஐந்தாம் நாள். இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமமாக்கினார். ஐந்தாவது பந்தில் கிரெக் மாத்யூஸ் வீச, மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. என்று அம்பயர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். இந்தியா 347. ஆட்டம் 'டை'. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது டை. பந்து பேட்டில் பட்டது என்று மனிந்தர் பிற்காலத்திலும் சொல்லி வந்தார்.

இப்போது மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள். 'அம்பயர் எல்.பி.டபிள்யூ. கொடுத்தார்.' இது நடந்தது. 'பேட்டில் பட்டதாக மனிந்தர் சொல்கிறார்.' இது ஒருவர் சொன்னது; சொன்னவர் பெயர் இருக்கிறது. 'அம்பயர் நம்மை ஏமாற்றிவிட்டார்.' இது நினைப்பது. முதல் இரண்டும் செய்தியில் வரலாம். மூன்றாவது கட்டுரையில், எழுதுகிறவன் பெயரோடு, காரணத்தோடு வரலாம். அதிலும் 'தவறான முடிவு என்று கருதுகிறேன்' என்று எழுதலாமே தவிர, 'ஏமாற்றினார்' என்று எழுதினால் அவர் மனசுக்குள் புகுந்து பார்த்த மாதிரி ஆகிவிடும். நம்ம ஊர் டோர்னமென்ட் ரிப்போர்ட்டுகள் பெரும்பாலும் மூன்றாவது வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. 'சதி' என்ற சொல் இல்லாத ஒரு ரிப்போர்ட்டையாவது காட்டுங்கள் பார்ப்போம்.

வொர்க்ஷாப் பாஷையில் சொல்வதானால், லேத்தில் பீஸ் கடைந்தவனே வெர்னியர் வைத்து அளந்து ஓகே போட்டால் போதாது; கியூ.சி.யில் இன்னொருவர் அளக்க வேண்டும். பத்திரிகையில் உதவி ஆசிரியர்தான் அந்த கியூ.சி. ரசிகன் எழுத்தில் அவர் இல்லை. வாசகர்கள் தப்பைச் சுட்டிக்காட்டுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது டிஸ்பாட்ச் ஆன பிறகு வருகிற கஸ்டமர் கம்ப்ளெயின்ட். எனவே எழுதியதை வேறு ஒரு ஆள், முடிந்தால் தோற்ற அணிக்காரன், ஒரு தரம் படித்துப் பார்ப்பது அவசியம்.

யார் காசு?

நிருபர்கள் எல்லாம் சுத்தம், ரசிகர்கள்தான் மோசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பேஸ்பால் நிருபர்களின் ரயில் செலவையும் ஹோட்டல் செலவையும் அணிகளே கொடுத்தன. சோறு போட்டவனை எப்படித் திட்டுவது? 1919ல் சிகாகோ ஆட்டக்காரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கித் தோற்றபோது, ஹ்யூ புல்லர்டன் என்ற நிருபருக்குச் சந்தேகம் வந்தது. முன்னாள் ஆட்டக்காரர் கிறிஸ்டி மாத்யூசனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சந்தேகமான ஆட்டத்தை எல்லாம் ஸ்கோர் அட்டையில் வட்டம் போட்டு வைத்தார். அதை எழுதியதற்கு சக விளையாட்டுப் பத்திரிகைகளே அவரைக் கேலி செய்தன. 1920ல் உண்மை வெளிவந்தது; 1921ல் எட்டுப் பேருக்கு ஆயுள் தடை.

இந்தியாவில் 1997ல் 'அவுட்லுக்' இதழில் மனோஜ் பிரபாகர் மேட்ச் பிக்சிங் பற்றிப் புகார் சொன்னார். 2000 ஏப்ரலில் டெல்லி போலீஸ் ஹான்சி குரோனியே விஷயத்தை வெளியிட்டதும்தான் நாடு விழித்தது. அதே வருடக் கடைசியில் புகார் சொன்ன பிரபாகருக்கே ஐந்து வருடத் தடை வந்தது. புகார் சொல்கிறவர் சொல்வதையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

டி.வி.யில் வர்ணனை செய்த கவாஸ்கரும் சாஸ்திரியும் பல வருடம் கிரிக்கெட் வாரியத்தோடு நேரடி ஒப்பந்தத்தில் இருந்தார்கள். 2016 ஐ.பி.எல். தொடங்குவதற்குச் சற்று முன் ஹர்ஷா போக்ளே வர்ணனைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. 2012ல் இங்கிலாந்து அணி வந்தபோது கெட்டி இமேஜஸ் புகைப்படக்காரர்களை வாரியம் உள்ளே விடவில்லை, ராய்ட்டர், ஏ.பி., ஏ.எப்.பி. நிறுவனங்கள் படம் எடுப்பதை நிறுத்தி எதிர்ப்புக் காட்டின. கார்டு கொடுக்கிற கைக்கு அதைப் பிடுங்கவும் தெரியும். கார்டே இல்லாத ரசிகனிடம் பிடுங்க ஒன்றுமில்லை. அவன் பலம் அது.

ஸ்கோராவது நம்முடையதா? 1997ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பேஜரில் கூடைப்பந்து ஸ்கோர் அனுப்பிய மோட்டோரோலாவுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. 2013 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வும், ஒளிபரப்பாகி ஊரறிந்த ஸ்கோர் என்பது பொது விவரம் என்ற நிலையை எடுத்தது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நம் டோர்னமென்ட்டுக்கு வருவோம். பிரைஸ் கொடுப்பது லேபர் கான்ட்ராக்டராகவோ கட்சிக்காரராகவோ இருப்பார். நோட்டீசில் அவர் போட்டோ பெரிதாக இருக்கும். ரிப்போர்ட்டில் 'பரிசு வழங்கியவர் இன்னார்' என்று ஒரு வரி போதும். அவருடைய அணி ஆடினால் அதையும் போடுங்கள். நீங்கள் எந்த அணிக்காரர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் வாசகர் தள்ளுபடி போட்டுப் படித்துக்கொள்வார்.

பெயரும் கணக்கும்

என் தாய்மாமா நல்ல கபடி ரைடர். மாவட்டப் போட்டியில் ஜெயித்த செய்தி ஒரு நாளிதழில் வந்தது. இனிஷியல் தப்பு, பெயரிலும் ஒரு எழுத்து தப்பு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு மனுப் போட்டபோது சர்ட்டிபிகேட்டோடு அந்தக் கட்டிங்கையும் வைத்தார். 'இது நீதான்னு என்னப்பா சாட்சி?' என்று கேட்டார்களாம். வேலை கிடைக்காததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். படிக்காத வீட்டில் பேப்பரில் வந்த பெயர் எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்குத் தெரியும். அம்மா அந்தக் கட்டிங்கை ரேஷன் கார்டு இருக்கிற கவரில் வைத்திருக்கிறாள். ஆகவே பெயரைக் காதால் கேட்டு எழுதாதீர்கள். டீம் லிஸ்ட்டைப் பாருங்கள்; பிறகு அவனையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே டீமில் இரண்டு மணிகண்டன் இருந்தால் இனிஷியல் கட்டாயம்.

அடுத்து கணக்கு. கிரிக்கெட் ஸ்கோர் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். உதாரணத்துக்கு பேட்ஸ்மேன்கள் எடுத்தது 61, வைடு 5, நோபால் 2, பை 3, லெக்பை 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72. இப்போது பவுலர்கள் கொடுத்த ரன்னைத் தனியாகக் கூட்டினால் 68 வர வேண்டும். ஏனென்றால் பையும் லெக்பையும் பவுலர் கணக்கில் சேராது. 68 உடன் 4 சேர்த்தால் 72. ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஒரு ஓவரில் பிழை. இப்படிப் பார்க்கிற ஆள் இருந்தால் பிரைஸ் நேரத்து அடிதடியில் பாதி நடக்காது. கபடியில் ரைடு புள்ளி, டேக்கிள் புள்ளி, ஒவ்வொரு ஆல் அவுட்டுக்கும் 2, எக்ஸ்ட்ரா எல்லாம் கூட்டி மொத்தத்தோடு சரிபாருங்கள்.

பிழை வந்தால் அடுத்த தாளில், முதலில் வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் போடுவது திருத்தம் ஆகாது.

நம் காலேஜ் ஸ்போர்ட்ஸ் ரூம் பீரோவில் இரண்டு ஸ்கோர் புத்தகம் இருக்கிறது. ஒன்றில் இன்னும் பாதிக்கு மேல் காலிப் பக்கம். பொங்கல் லீவில் தங்கள் ஊர் டோர்னமென்ட்டுக்கு ஸ்கோர் எழுத விரும்புகிறவர்கள் பி.டி. சாரிடம் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். பென்சில் வேண்டாம், பேனா எடுத்துப் போங்கள்.