சத்தம் வேறு, சங்கீதம் வேறு

(இரண்டாமாண்டு மின்னணுவியல் - தொடர்பியல் மாணவர், ராசிங்காபுரம்)



"சத்தமா வச்சாத்தான் பாட்டு நல்லாருக்கும்" என்பது நம்மில் பலருடைய எண்ணம். அது எவ்வளவு தூரம் சரி என்று, வகுப்பில் படித்த டெசிபல் கணக்கை வைத்தே பார்ப்போம்.

டைனமிக் ரேஞ்ச் என்றால் என்ன?

ஒரு பாட்டின் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியே டைனமிக் ரேஞ்ச். சாதாரண கேசட்டில் இதற்குச் சுமார் 50 முதல் 60 டெசிபல் வரைதான் இடம். அதற்குக் கீழே நாடாவின் 'உஸ்' இரைச்சல் வந்துவிடும். 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் 16 பிட். பிட்டுக்கு 6 வீதம் 96 டெசிபல்.

ஏன் நெருக்குகிறார்கள்?

எங்கள் பக்கம் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். போடிமெட்டு ஏற்றத்தில் என்ஜின் உறுமும்போது புல்லாங்குழல் காதில் விழாது. வால்யூமைக் கூட்டினாலோ, அடுத்து வரும் மேளம் காதைப் பிளக்கும். அந்த ஜீப்பில் போகிற என் அம்மாவுக்கும் பாட்டு முழுசாகக் கேட்க வேண்டுமே! அதற்குத்தான் கம்ப்ரஸர்.

ஒரு கணக்கு

மெல்லிய இடம் மைனஸ் 40, உரத்த இடம் மைனஸ் 4 டெசிபல், இடைவெளி 36. கம்ப்ரஸரை மைனஸ் 20-இல், 4:1 விகிதத்தில் வைக்கிறோம். எல்லையைத் தாண்டிய 16 டெசிபல், 4 ஆகச் சுருங்கும். உரத்த இடம் மைனஸ் 16-க்கு இறங்கும். பிறகு மொத்தத்தையும் 12 டெசிபல் உயர்த்தினால் உரத்த இடம் பழைய மைனஸ் 4. மெல்லிய இடம் மைனஸ் 28. இடைவெளி 24. உச்சம் ஏறவில்லை, ஆனால் பாட்டு பலமாகக் கேட்கும்!

அளவு மீறினால்?

சி.டி. காலத்தில் "என் பாட்டுதான் சத்தமாகக் கேட்க வேண்டும்" என்ற போட்டி உலகமெங்கும் வளர்ந்தது. 2008-இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் ஒரேயடியாக நெருக்கப்பட்டு, அலையின் தலை தட்டையாகிவிட்டது என்று ரசிகர்களே புகார் செய்தார்கள். இன்று யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்றவை சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்கு மேல் போகும் பாட்டைத் தாமே குறைத்துவிடுகின்றன. ஆக, நெருக்கியதில் சத்தமும் லாபமில்லை. போன உயிரும் திரும்பாது.

நம் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 2025 மார்ச் 8-இல் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். சிம்பொனியில் ஒற்றை வயலினும் முழு வாத்தியக் குழுவும் ஒரே அளவில் ஒலித்தால் ரசிக்க என்ன மிஞ்சும்?

காதுக்கும் கணக்கு உண்டு

85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான்! கெட்ட காது நரம்பை மாற்ற ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் மைக்செட் போடுவோம், சிலர் ஸ்டுடியோவில் உட்காருவோம். குமிழ் நம் கையில் இருக்கும். ஊர் முழுக்க உள்ள காதுகளும் அதே கையில்தான் இருக்கும். தெரிந்து திருப்புவோம்!