ஊட்டி முடிந்ததும் மைசூர்: கடைசி சனி, ஞாயிறுக்கு ஒரு திட்டம்

ஊட்டி, குன்னூர் என்று மலையில் சுற்றி முடித்துவிட்டு நேரே ஊருக்குத் திரும்புவதுதான் பலரின் வழக்கம். இந்த முறை பயணத்தின் கடைசி சனி, ஞாயிறை மைசூருக்கு ஒதுக்கிப் பாருங்கள். அங்கே தங்குவது வார இறுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அரண்மனையின் முழு நேர விளக்கு அலங்காரம் ஞாயிறன்றும் அரசு விடுமுறை நாட்களிலும்தான். பார்க்கவேண்டிய இடங்களும் பெரும்பாலும் ஆட்டோவில் போகிற தூரத்திலேயே இருக்கின்றன. மலைப்பாதையில் களைத்துப்போன குழந்தைகளையும் பெரியவர்களையும் அதிகம் அலைக்கழிக்காத நகரம் இது.

சனிக்கிழமை: காட்டு வழியும் சந்தையும்

காலைப் பலகாரம் முடிந்ததும் ஊட்டியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டுலுப்பேட்டை வழியாக வந்தால் நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்குள் போகும் இந்தச் சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுவார்கள். எனவே புறப்பாட்டை மாலைக்குத் தள்ளவேண்டாம். காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்குவதும், குரங்குக்குத் தீனி போடுவதும் அடியோடு கூடாது.

மைசூருக்குச் சுமார் 23 கி.மீ. முன்னால் கபினிக் கரையில் நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது. மதியம் நடை சாத்துவதற்குள் வந்துவிட்டால் தரிசனம் செய்துவிட்டே போகலாம்.

அறை எடுப்பதாக இருந்தால் அரண்மனைக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் எடுங்கள். தசரா நாட்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. சின்னக் குழந்தைகளோடு அந்தக் கூட்டத்துக்குள் போகாமல் இருப்பதே நல்லது.

மாலையில் தேவராஜா மார்க்கெட்டுக்குப் போங்கள். கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமமும் வண்ணப்பொடிகளும் குழந்தைகளை நகரவிடாது. மைசூர் மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூட்டு வாழைப்பழம் மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை. மூன்றும் இங்கே கிடைக்கும். பக்கத்திலேயே சயாஜி ராவ் சாலையில் குரு ஸ்வீட் மார்ட். அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பாவின் வழிவந்தவர்கள் நடத்தும் கடை. மைசூர்பாகு அவர் கைப்பக்குவத்தில் பிறந்தது என்றுதான் ஊரார் சொல்வார்கள். எடுத்தால் விரலில் நெய் ஒட்டும். வாயில் போட்டால் பல்லுக்கு வேலையில்லை. ஊருக்குக் கொண்டுபோவதைக் கடைசி நாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மைசூர்ப் பட்டு வாங்குவதென்றால் கர்நாடக அரசின் கே.எஸ்.ஐ.சி. கடைக்கே போங்கள். ஆட்டோக்காரர் ‘அரசு கடை’ என்று வேறெங்காவது கூப்பிட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு காலை: மலையும் விலங்குகளும்

வெயில் ஏறுமுன் சாமுண்டி மலைக்குப் போய்விடவேண்டும். உச்சிவரை வண்டி போகும். நகரப் பேருந்தும் உண்டு. அடிவாரத்திலிருந்து ஏறினால் ஆயிரம் படிகள். நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை: அம்மனைத் தரிசித்துவிட்டு உச்சியிலிருந்து நந்திவரை இறங்குங்கள். சுமார் முந்நூறு படிகள்தான். ஒரே பாறையில் செதுக்கிய, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நந்தி அது. தாத்தா பாட்டியை வண்டியில் நந்திக்கு வரச்சொல்லிவிட்டு அங்கே சேர்ந்துகொள்ளலாம்.

இறங்கியதும் 1892இல் தொடங்கிய உயிரியல் பூங்கா. செவ்வாய் விடுமுறை என்பதால் வார இறுதிக்குச் சிக்கலில்லை. உள்ளே நிறைய நடக்கவேண்டும். தண்ணீரும் தொப்பியும் அவசியம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குப் போய் எல்லோரும் கொஞ்சம் கண்ணயருங்கள்.

ஞாயிறு மாலை: அரண்மனை

பிற்பகல் மூன்றரைக்குள் அரண்மனைக்குள் நுழைந்துவிடுங்கள், 5.30க்கு மூடிவிடுவார்கள். பழைய மர அரண்மனை 1897இல் எரிந்துபோக, ஹென்றி இர்வின் வடிவமைத்த இந்தக் கட்டடம் 1912இல் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டட வேலையிலும் பங்குள்ளவர் இவர். கல்யாண மண்டபத்தில் நின்று மேலே பாருங்கள்: வண்ணக் கண்ணாடியில் மயில்கள் வட்டமாகத் தோகை விரித்திருக்கும். மண்டபத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் தசரா ஊர்வலம் யானை, குதிரை, சிப்பாய் என்று நீண்டுகொண்டே போகும். அவசரப்படாமல் பார்க்கவேண்டியவை இந்த ஓவியங்கள்.

வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டு, ஏழு மணிக்கு முன்பே வளாகத்துக்குத் திரும்பி நல்ல இடமாகப் பார்த்து நில்லுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஏழு மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும். கூட்டம் முழுக்க ‘ஓ’வென்று கத்தும். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வெளிச்சம் இருக்கும். குழந்தைகளின் கையை மட்டும் விடாதீர்கள்.

எதை விடலாம்?

பிருந்தாவன் தோட்டத்தை விட்டுவிடலாம். நகரத்திலிருந்து 20 கி.மீ.க்கு மேல், நீரூற்றுக் காட்சியும் இரவில்தான். ஞாயிறு இரவில் அரண்மனை விளக்குக்கு ஈடாக அது நிற்காது.

திரும்புவது

தூத்துக்குடி விரைவு ரயில் ஞாயிறு மாலையே கிளம்பிவிடும். அதில் முன்பதிவு செய்தால் விளக்குகளைப் பார்க்கமுடியாது. சென்னை செல்லும் காவேரி எக்ஸ்பிரஸின் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்திலிருந்து வெளியே வரவே நேரமாகும். ஒருநாள் விடுப்பு கிடைக்குமென்றால் ஞாயிறு இரவும் தங்கி, திங்களன்று கிளம்புங்கள். அந்த ஒருநாள் அறை வாடகை வீண்போகாது.