கடவுளிடம் அரைப் பேர் இல்லை



பதுளையை அடுத்த ஒரு தோட்டத்தில் மாதத் திருப்பலி முடிந்தபின், கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர் எம்மிடம் வந்தார். அன்று அவர் நற்கருணை வாங்கவில்லை. காரணம் கேட்டோம். "சாமி, போன மூணு ஞாயித்துக்கிழமையும் டவுன் கோயிலுக்கு வரல்ல, மலைக்குப் போயிட்டேன். கடைக்கடன் கழுத்தை நெரிக்குது. ஆண்டவர் எனக்கு அரைப் பேர்தானே போட்டிருப்பாரு?" என்றார்.

நகரத்து வாசகர்களுக்காக இதை விளக்குவோம். தோட்டத்தில் குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் செக்ரோலில் ஒரு பேர், அதாவது ஒரு நாட்சம்பளம். நிறை குறைந்தால் அரைப் பேர். அந்தத் தாய் ஆண்டவரையும் தராசோடு நிற்கும் கணக்கப்பிள்ளையாக எண்ணிவிட்டார். அவர் மட்டுமா? எத்தனை செபமாலை, எத்தனை நவநாள், எத்தனை ஒறுத்தல் என்று எண்ணியெண்ணி, நிறை காணுமோ காணாதோ என்று அஞ்சுவோர் நம் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு.

இந்தக் கேள்வி திருச்சபை பிறந்த காலத்திலேயே எழுந்தது. யூதரல்லாதார் விசுவசித்தால் மட்டும் போதுமா, மோயீசனின் சட்டப்படி விருத்தசேதனமும் செய்ய வேண்டுமா என்று வாதாடினார்கள். கி.பி. 49-ஆம் ஆண்டளவில் எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடி ஆராய்ந்தார்கள். இரு சாராரும் ஆண்டவர் இயேசுவின் அருளாலேயே மீட்புப் பெறுகிறோம் என்று புனித இராயப்பர் எழுந்து சாட்சி பகர்ந்தார் (அப். பணி 15). சட்டத்தின் நுகம் புதியவர்களின் தோளில் ஏற்றப்படவில்லை.

புனித சின்னப்பரோ உரோமையருக்கு எழுதும்போது, கூலி வேறு, கொடை வேறு என்று பிரித்துக் காட்டுகிறார் (உரோ. 4). இதைத் தோட்டத்து மக்கள் நன்கு கவனிக்க வேண்டும். நீங்கள் பெறும் சம்பளம் யாரும் இரங்கித் தரும் கொடையன்று. அது உங்கள் வியர்வைக்கு உரிய கடன். அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கடவுளின் நட்பு எவ்வளவு உழைத்தாலும் சம்பாதிக்கக் கூடியதன்று. அது இலவசமாக வருவது.

இதற்குச் சான்று வேண்டுமா? ஞானஸ்நானத் தொட்டியருகே நில்லுங்கள். ஒரு செபமும் சொல்லத் தெரியாத, ஒரு நற்செயலும் செய்யாத கைக்குழந்தையைக் கடவுள் தம் பிள்ளையாக ஏற்கிறார். ஒரு கொழுந்துகூடக் கிள்ளுமுன் அதற்கு முழுப் பேர் விழுந்துவிடுகிறது! மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக்கு வந்தவனும் முழு நாட்கூலி பெற்ற உவமையை (மத். 20) இயேசு சொன்னதும் இதற்காகவே.

அப்படியானால் நற்செயலும் கட்டளையும் எதற்கு என்று சிலர் கேட்பர். மகன் வீட்டு வேலை செய்வது மகனாவதற்காக அன்று; மகனாயிருப்பதால் செய்கிறான். அன்பினால் செயற்படும் விசுவாசமே பயன் தரும் என்பது சின்னப்பரின் போதனை (கலா. 5). செயலற்ற விசுவாசம் செத்தது என்பது யாகப்பரின் எச்சரிக்கை (யாக. 2). இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

நம் அயலிலுள்ள மெதடிஸ்த, அங்கிலிக்கன் சகோதரர் "விசுவாசம் மட்டும்" என்றும், நாம் "செயல்" என்றும் சொல்வதாகப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. 1547-இல் திரிதெந்தின் பொதுச்சங்கமே, நீதிமானாக்கப்படுமுன் நாம் செய்யும் எதுவும் அந்த அருளுக்கு விலையாகாது என்று தெளிவாகக் கற்பித்தது. 1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் இதுபற்றிய கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். 2006-இல் உலக மெதடிஸ்த பேரவையும் அதனோடு இணைந்தது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் மீட்பு அருளின் கொடை என்பதில் ஒரே குரலில் பேசுகிறோம்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். ஞாயிறு திருப்பலி கத்தோலிக்கருக்குக் கடமை. சோம்பலால் வேண்டுமென்றே அதை விடுவது கனமான பாவம். ஆனால் தக்க காரணத்தால் வர இயலாதவரை அது குற்றவாளியாக்குவதில்லை. குருவானவர் இல்லாத இடத்திலும், பாரதூரமான தடையுள்ளபோதும், இறைவார்த்தை வழிபாட்டிலோ குடும்ப செபத்திலோ நேரத்தைச் செலவிடும்படி 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (1248) தூண்டுகிறது. அச்சட்டத் தொகுப்பின் கடைசி இலக்கம் (1752), ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையில் உன்னத சட்டம் என்பதை நினைவூட்டி முடிகிறது. சட்டம் அருளுக்குப் பணியாள்.

"அம்மா, பிள்ளைகளின் பசிக்காகத்தானே மலை ஏறினீர்கள்? ஆண்டவர் உங்கள் பேரை வெட்டவில்லை. மனத்தை எது உறுத்தினாலும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். ஆனால் இப்படி விலகி நிற்காதீர்கள்" என்றோம். அடுத்த மாதத் திருப்பலியில் அவர் நற்கருணை வாங்கினார்.

வாசகர்களே, ஞாயிறு கோயிலுக்கு வர முடியாத வீடுகளில், அன்று மாலை லயத்து அறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் அந்த உவமையைப் பிள்ளை ஒருவர் உரத்து வாசிக்கட்டும். பிறகு கணக்குப் பார்க்காமல், எல்லோருமாக ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள்.