பண்டங்களும் மக்களும் இடம்பெயருமாறு

ஓரூரில் விளைவது யாவும் அவ்வூரிலேயே நுகரப்படுவதில்லை. ஓரூரார்க்கு வேண்டுவன யாவும் அவ்வூரிலேயே விளைவதுமில்லை. சந்தைகளும் வழிகளும் தோன்றியது இதனாலேயாம். பண்டங்களும் மக்களும் ஒரு நிலப்பகுதியினின்று மற்றொன்றிற்குச் செல்லுதற்குரிய காரணங்களை, எட்வர்டு உல்மன் என்னும் அமெரிக்க நிலநூற் புலவர் 1950களில் மூன்றாக வகுத்துரைத்தார். அவற்றை நம் பசுமலைக்கு மேற்கே, போடிநாயக்கனூர் வரையில் கிடக்கும் நிலத்தைக் கொண்டே ஈண்டு விளக்குவாம்.

முதலாவது, குறைநிறைப் பொருத்தம். இரண்டிடங்கள் வேறுபட்டிருத்தல் மட்டும் போதாது. ஒன்றன் மிகுதி மற்றதன் குறையை நிரப்புதல் வேண்டும். ஏலமலையில் மழை மிகுதி. ஆங்கு ஏலமும் மிளகும் தேயிலையும் செழிக்கின்றன. நெல்லுக்கேற்ற சமநிலம் குறைவு. மலையடியிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கோ, 1895இல் திறக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீரால் நெல்லும் காய்கனியும் விளைவிப்பது. ஆகவே மலைச்சரக்குக் கீழிறங்குகின்றது, உணவுப்பொருள் மேலேறுகின்றது. உழைப்பும் அவ்வாறே. தேனி மாவட்டத்துத் தொழிலாளர் பலர், பெண்கள் உட்பட, விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி எல்லைகடந்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் மீளுகின்றனர்.

இரண்டாவது, கொண்டுசெல்லுந் தகைமை. வழிச்செலவும் காலமும் பண்டத்தின் விலை தாங்குமளவிற்கு அடங்குதல் வேண்டும். ஏலக்காய் எடை குறைந்தது, விலை மிக்கது; ஆதலின் நெடுவழிச் செலவைத் தாங்கும். வைக்கோலும் செங்கல்லும் அங்ஙனம் தாங்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, சிற்றிருப்புப்பாதை வழியாக டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டை அடைந்து, ஆங்கிருந்து கம்பிவழியிற் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை எய்திற்று. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்பெறவில்லை.

மூன்றாவது, இடைப்பட்ட வாய்ப்பு. தொலைவிற் கிடைப்பது அண்மையிலேயே கிடைக்குமாயின், நெடும்பயணம் குன்றும். கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏற்பட்டபின், தேனிப் பக்கத்து நோயாளர் பலர்க்கு மதுரைப் பயணம் வேண்டாததாயிற்று. ஏலக்காய் ஏலம் போடியில் மட்டுமன்றி இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறுவதால், மலைவிளைஞர் தம் சரக்கை மலையிறக்காமலே விலைபேசுதல் கூடும்.

இனி, இம்மூன்றையும் ஓர் இருப்புப்பாதையில் வைத்துச் சோதிப்போம். மதுரையினின்று உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்குச் செல்லும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்ப் பாதை 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன; 1950களில் மீண்டும் இடப்பட்டன. அகலப்பாதையாக மாற்றும்பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதத்தில் போடி வரையிலும் மீண்டும் வண்டி ஓடிற்று.

பாதை மூடிக்கிடந்த அப்பன்னிரண்டு ஆண்டுகளில் மலைக்கும் சமவெளிக்கும் உள்ள குறைநிறை மாறவில்லை. மாறியது கொண்டுசெல்லுந் தகைமையே. ஏலக்காய் லாரியேறிச் சென்றது. அதன் விலை அச்செலவைத் தாங்கிற்று. புகைவண்டியின் குறைந்த கட்டணத்தையே நம்பிய கூலியாளும் சிறுவியாபாரியும் மாணவனும் பேருந்துக் கட்டணத்தை அவ்வளவு எளிதில் தாங்கவல்லரோ? ஒரே வழி அடைபட்டபோது, விலைமிக்க பண்டம் வேறு வழி கண்டது; எளியோன் பயணம் சுருங்கிற்று.

மாணவ நண்பர்காள், இதனின்று நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஒரு வழியின் பயனை அளப்போர் அதிற் சென்றவர்களையே எண்ணுகின்றனர். செல்ல விரும்பியும் செல்லமாட்டாதவரை எந்தப் பயணச்சீட்டுக் கணக்கும் காட்டாது. மலையும் மழையும் இயற்கையின் அமைப்பு. பாதையும் கட்டணமும் மனிதர் செய்யும் முடிவு. ஆதலின் நாட்டுப்படத்தில் ஒரு கோட்டைக் காணுந்தோறும், அதன்வழிச் செல்வது யாது என்பதோடு, செல்லாது நின்றவர் யாவர் என்றும் வினவுதல் நிலநூல் கற்பார்க்குக் கடனாம்.