பேனலுக்குப் பின்னால் இரண்டு அங்குல இடம்

சிறிய விமானத்தின் ரேடியோக்களை விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். 6.25 அங்குல அகலத்தில் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். சிக்கல் அவற்றின் முதுகில் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அரோரா என்ற ஊரில் இயங்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி ரகக் கிட்டுகளை வாங்கி, ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீட்டுக் கராஜிலேயே விமானம் கட்டிப் பறந்திருக்கிறார்கள். அந்த விமானங்களில் இன்ஸ்ட்ருமென்ட் பேனலுக்குப் பின்னால் குறுக்கே இன்னொரு தகடு நிற்கும். ரேடியோவைத் தாங்கும் ட்ரே நுழைவதற்காக அதை வெட்டித் திறந்த பிறகும், ட்ரேயின் முதுகு ஏதாவது ஒரு ரிப்பையோ குழாயையோ இன்னொரு கருவியையோ தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கி நிற்பது வழக்கம். ஆன்டெனாவுக்குப் போகும் தடித்த கோஆக்ஸ் கேபிள் புறப்பட வேண்டிய இடமும் அதுதான்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முதலில் கணக்குப் போட்டுவிடலாம். விமானங்களில் இன்று பரவலாகப் போடப்படும் ஆர்ஜி-400 கேபிளின் வெளிவிட்டம் 4.95 மில்லிமீட்டர். வளையும் ரகக் கோஆக்ஸை அதன் விட்டத்தைப் போல் ஆறு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக்கூடாது என்கிறது அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி கையேடு. அப்படியென்றால் வளைவுக்கு மட்டும் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். நேரான பிஎன்சி கனெக்டர் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது அதே அளவு. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் ஆகிவிடும். ட்ரேக்குப் பின்னால் இருப்பதோ பெரும்பாலும் இரண்டு அங்குலம், அதாவது சுமார் 50 மில்லிமீட்டர்.

இந்த இடத்தில்தான் பலர் கேபிளை வலுக்கட்டாயமாக மடக்கிச் செருகிவிடுகிறார்கள். அன்றைக்கு ரேடியோ வேலை செய்யும். ஆனால் இறுக்கி வளைத்த கோஆக்ஸுக்குள் நடுக்கம்பி தொடர்ந்து ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள இன்சுலேஷன் மெல்ல மெல்ல இடம் கொடுக்க, கம்பி மையத்தை விட்டு விலகும். வெளிப்பின்னலும் வளைவின் முதுகில் விரியும். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையிலான தூரம் மாறினால் கேபிளின் 50 ஓம் இம்பிடன்ஸ் அந்த இடத்தில் மாறிவிடும். வெயிலில் நிற்கும் விமானத்தின் பேனலுக்குப் பின்னால் சூடும் அதிகம் என்பதால் இது இன்னும் விரைவாக நடக்கிறது. ஆகவே திருப்பத்தைக் கேபிளில் வைக்காமல் உலோக உடலுக்குள் வைத்துக்கொள்வதே சரியான வழி. அதற்காகப் பிறந்ததுதான் ரைட்-ஆங்கிள் கனெக்டர். நல்ல ரகம் ஒன்று பின்பக்கம் 25 முதல் 30 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

தேடலைக் கனெக்டரிலிருந்து தொடங்கினால் தவறான பொருள்தான் கையில் கிடைக்கும். கேபிளிலிருந்து தொடங்க வேண்டும். பழைய விமானங்களில் ஆர்ஜி-58 இருக்கும். பாலிஎத்திலீன் இன்சுலேஷன், பிவிசி உறை, ஒற்றைப் பின்னல். சால்டர் செய்யும் சூட்டில் அதன் இன்சுலேஷன் உருகும், தீப்பிடித்தால் அந்த உறை கேபினுக்குள் நச்சுப் புகையைக் கக்கும். ஆர்ஜி-400இல் வெள்ளிப் பூச்சுள்ள 19 செம்பு இழைகள், டெஃப்லான் இன்சுலேஷன், வெள்ளிப் பூச்சுள்ள இரட்டைப் பின்னல். புதிதாகக் கட்டும் விமானத்தில் ஆர்ஜி-58 போடுவதற்கு இன்று எந்த நியாயமும் இல்லை. வாங்கும்போது உறையின் மேல் எம்17/128-ஆர்ஜி400 என்ற ராணுவத் தர எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டு கேபிள்களின் வெளிவிட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் ஒன்றுக்கான கனெக்டர் மற்றதற்கும் பொருந்தும் என்று தோன்றும். பொருந்தாமலும் போகலாம். இரட்டைப் பின்னலுக்கு, கேபிளைச் சுற்றி நசுக்கப்படும் ஃபெரூல் என்ற குழாய் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே தகவல் தாளில் கேபிள் வரிசையாக 142, 223, 400 ஆகிய எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெறும் 58, 141 என்று மட்டும் இருந்தால் அது ஒற்றைப் பின்னலுக்கானது.

அடுத்தது ரேடியோவின் நிறுவல் கையேடு. எந்த முனையில் என்ன வகை என்பதை அது சொல்லும், ஊகத்துக்கு அங்கே இடமில்லை. பெரும்பாலான பேச்சு ரேடியோக்களிலும் விப் ஆன்டெனாக்களிலும் பிஎன்சிதான். கார்மினின் ஜிஏ 35 போன்ற ஜிபிஎஸ் ஆன்டெனாக்களில் மரை போட்டுத் திருகும் டிஎன்சி. பெல் லேப்ஸின் பால் நீல், ஆம்ஃபினாலின் கார்ல் கான்செல்மன் ஆகிய இருவரின் பெயர்களைத் தாங்கியது பிஎன்சி. கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் அதன் அமைப்பை மரையாக மாற்றியதுதான் டிஎன்சி. பிஎன்சி 4 கிகாஹெர்ட்ஸ் வரையும் டிஎன்சி 11 கிகாஹெர்ட்ஸ் வரையும் தாங்கும் என்பது பொதுவான அளவு. அதிர்வில் ஆடாமல் நிற்பதில் டிஎன்சி மேல்.

சில பழைய ரேடியோக்களில் கனெக்டர் ட்ரேயோடு சேர்ந்தே வரும். பெட்டியை உள்ளே தள்ளினால் அதுவாகவே பொருந்திக்கொள்ளும். அவற்றுக்குக் கையேட்டிலுள்ள எண்ணைக் கொண்டே மாற்று வாங்க வேண்டும். பொதுச்சந்தை பிஎன்சி அங்கே உதவாது.

இனித் தேடல். டிஜிகீ, மவுசர் போன்ற பெரிய மின்னணு விநியோகஸ்தர்களின் பட்டியலில் ஆயிரக்கணக்கான கோஆக்ஸ் கனெக்டர்கள் கிடக்கின்றன. வடிகட்டிகளை வரிசையாகப் போட்டால் அவை சில பத்தாகச் சுருங்கிவிடும்: பிஎன்சி, பிளக், ஆண் பின், 50 ஓம், கேபிளில் மாட்டும் ரகம், ரைட்-ஆங்கிள், கிரிம்ப் (நசுக்கி மாட்டும் ரகம்), கேபிள் வரிசையில் 142 அல்லது 400. ஆம்ஃபினால், ரேடியால், ஹூபர்+சூனர் போன்ற நிறுவனங்களின் பொருள்கள் அதில் தென்படும். ஏர்கிராஃப்ட் ஸ்ப்ரூஸ், ஸ்டைன்ஏர் போன்ற விமான உதிரிபாகக் கடைகளில் தெரிவு குறைவு. ஆனால் ஆர்ஜி-400க்கென்றே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். முதல் தடவை வாங்குபவருக்கு அதுவே நிம்மதியான வழி.

இரண்டு பொறிகளை இங்கே தவிர்க்க வேண்டும். முதலாவது, 75 ஓம் பிஎன்சி. சிசிடிவி கேமரா விற்கும் கடைகளிலெல்லாம் கொட்டிக் கிடப்பது அதுதான். பூட்டிப் பார்த்தால் பொருந்துவது போலவே இருக்கும். இரண்டாவது, வைஃபை கருவிகளுக்காக வந்த தலைகீழ்ப் பின் ரகம். ஆர்பி-டிஎன்சி என்று குறிப்பார்கள். வெளி மரை அதே, உள்ளே பின் இருக்க வேண்டிய இடத்தில் துளை. பட்டியலில் ஆர்பி என்ற எழுத்துகள் கண்ணில் பட்டால் நகர்ந்துவிட வேண்டும்.

படத்தை நம்பி வாங்கக்கூடாது, வரைபடத்தைத் திறக்க வேண்டும். தேர்வில் மிக முக்கியமான கட்டம் இதுவே. பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஒரே வடிவமாகத் தெரியும் இரு ரைட்-ஆங்கிள் பிளக்குகளில் ஒன்று மற்றதைவிட ஏழெட்டு மில்லிமீட்டர் நீளமாக இருக்கலாம். பார்க்க வேண்டிய அளவுகள் மூன்று. பூட்டிய நிலையில் பின்பக்கம் எவ்வளவு நீள்கிறது? ஃபெரூல் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் போகிறது? பூட்டு வளையத்தின் விட்டம் எவ்வளவு? மூன்றாவதைப் பலர் மறக்கிறார்கள். வழிகாட்டுதலும் பேச்சும் சேர்ந்த நேவ்-காம் பெட்டி ஒன்றின் முதுகில் பேச்சுக்கு, விஓஆருக்கு, கிளைடு ஸ்லோப்புக்கு, ஜிபிஎஸ்ஸுக்கு என்று கோஆக்ஸ்கள் அருகருகே வரும். சுமார் 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஎன்சி வளையத்தைப் பிடித்துத் திருப்ப இரண்டு விரல் நுழைய வேண்டும். பூட்டிய பின்னும் பிஎன்சியின் உடல் சுழலும் என்பதால் கேபிளை எந்தத் திசைக்கும் திருப்பிக்கொள்ளலாம் என்பது ஒரு சௌகரியம். ஆனால் பக்கத்துக் கனெக்டரில் இடிக்காமல் அது சுழல இடம் வேண்டும். அளவுகளை அட்டையில் வெட்டி, ட்ரேயின் முதுகில் ஒட்டிப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பொருளின் தரமும் அதே தாளில் இருக்கும். பித்தளை உடல், நிக்கல் பூச்சு, தங்கப் பூச்சுள்ள நடுப்பின், டெஃப்லான் இன்சுலேட்டர், மைனஸ் 65 முதல் பிளஸ் 165 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் திறன். தகவல் தாளே இல்லாமல் விற்கப்படும் மலிவு ரகத்தில் உடல் துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். விமானத்தில் அதற்கு இடமில்லை.

ரைட்-ஆங்கிள் போட்டால் சிக்னல் குறையும் என்ற பயம் பழைய டெக்னீஷியன்களிடம் இன்னும் உண்டு. அந்தப் பயம் அலைவரிசையைப் பொறுத்தது. பேச்சு ரேடியோ இயங்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையில் அலைநீளம் இரண்டு மீட்டருக்கு மேல். அங்கே 30 மில்லிமீட்டர் கனெக்டருக்குள் நடக்கும் ஒரு திருப்பம் கணக்கிலேயே வராது. ராடாரின் கேள்விக்கு டிரான்ஸ்பாண்டர் பதில் அனுப்பும் 1090 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 27.5 சென்டிமீட்டர்தான், ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸில் 19 சென்டிமீட்டர். அங்கே அதே கனெக்டர் அலைநீளத்தில் கவனிக்கத்தக்க ஒரு பங்கு. ஆகவே பேச்சு ரேடியோவுக்கு நல்ல ரைட்-ஆங்கிள் எதுவும் போதும். டிரான்ஸ்பாண்டருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும், சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று சொல்லும் விஎஸ்டபிள்யூஆர் அளவு அச்சிட்ட, பெயர் தெரிந்த தயாரிப்பையே தேட வேண்டும். கார்மின் ஜிடிஎக்ஸ் 327 போன்ற டிரான்ஸ்பாண்டர்களில் கேபிளும் கனெக்டர்களும் சேர்ந்து இழக்கக்கூடியது 1.5 டெசிபல் மட்டும். 1090 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-400 மீட்டருக்கு ஏறக்குறைய அரை டெசிபலை விழுங்கிவிடும் என்பதால், தேவையில்லாத ஒவ்வொரு இணைப்பும் அந்தச் சிறு தொகையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

அதனால்தான் அடாப்டரைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும். யுஜி-306 என்ற பழைய எல்-வடிவ பிஎன்சி அடாப்டர் எங்கும் கிடைக்கும். நேர் கனெக்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் அதைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது போலிருக்கும். கிரிம்ப் கருவி இல்லாதவருக்கு அவசரத்துக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் கூடுதலாக ஓர் இணைப்பு சேர்கிறது. கேபிளின் எடை முழுவதும் நீண்ட நெம்புகோலாக பிஎன்சி பூட்டில் தொங்கி, என்ஜின் அதிர்வில் ஆடிக்கொண்டே இருக்கும். பேச்சில் இடையிடையே வரும் கரகரப்பின் மூலம் பல விமானங்களில் இப்படியொரு ஆடும் இணைப்புதான்.

மாட்டும் வேலைக்குக் கிரிம்ப் கருவியின் அச்சு சரியாக இருக்க வேண்டும். இந்தக் கேபிளுக்கு ஃபெரூலை நசுக்கும் அறுகோண அச்சு பெரும்பாலும் 0.213 அங்குலம். இறுதிச் சொல் கனெக்டரோடு வரும் தாளுக்கே. நேர் கனெக்டரில் நடுப்பின்னையும் கிரிம்ப் செய்வார்கள். ரைட்-ஆங்கிளில் பெரும்பாலும் அது முடியாது. கேபிள் பக்கவாட்டிலிருந்து நுழையும், நடுக்கம்பி உள்ளே ஒரு சிறு பிளவில் உட்காரும், பின்புறத் துளை வழியாக அதைச் சால்டர் செய்து, மேலே ஒரு மூடியை அழுத்தியோ திருகியோ அடைக்க வேண்டும். முதலில் ஃபெரூலைக் கேபிளில் கோத்துவிட வேண்டும், பிறகு கோக்க வழியில்லை. உறையையும் பின்னலையும் இன்சுலேஷனையும் தாளிலுள்ள அளவுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் வெட்ட வேண்டும். நடுக்கம்பி நீண்டால் மூடியில் முட்டி ஷார்ட் ஆகும், குறைந்தால் பிளவை எட்டாது. பின்னலின் ஓர் இழைகூட உள்ளே தவறக்கூடாது. சால்டர் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். கனெக்டர் ஒன்றை அதிகமாக வாங்கி, மீதிக் கேபிள் துண்டில் பழகிவிட்டு, அதை அறுத்து உள்ளே பார்ப்பது செலவல்ல.

மாட்டியதும் இரு முனைகளையும் கழற்றிய நிலையில் மல்டிமீட்டரால் பார்க்கலாம். நடுப்பின்னிலிருந்து நடுப்பின்னுக்குத் தொடர்ச்சி இருக்க வேண்டும், நடுப்பின்னுக்கும் உடலுக்கும் இடையே இருக்கக்கூடாது. அளக்கும்போதே ஃபெரூல் அருகே கேபிளை மெல்ல அசைத்து, முள்ளோ எண்ணோ துள்ளுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குள் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதற்கான மின்சாரம் அதே கோஆக்ஸ் வழியாகவே போகிறது. எனவே ரிசீவர் அணைந்திருக்கும்போது மட்டுமே அந்த இணைப்பைத் தொட வேண்டும். அதன் பிறகு நானோவிஎன்ஏ போன்ற சிறு கருவியை ரேடியோ முனையில் மாட்டி, மறுமுனையில் 50 ஓம் லோடு வைத்துப் பார்த்தால் கேபிளும் கனெக்டரும் தனியாக எப்படி இருக்கின்றன என்று தெரியும். லோடைக் கழற்றி ஆன்டெனாவை மாட்டினால் மொத்த அமைப்பும் தெரியும். முதல் அளவு நன்றாக இருந்து இரண்டாவது கெட்டால் கனெக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆன்டெனாவின் தரை இணைப்பைப் பார்க்க வேண்டும்.

கனெக்டரை விட்டு வெளியே வந்த கேபிளைச் சில அங்குலத்துக்குள் கிளாம்ப் போட்டு ஏதாவது ஒரு ரிப்பில் பிடிக்க வைக்க வேண்டும், எடை கனெக்டரில் விழக்கூடாது. எந்த ரேடியோவின் கேபிள் என்று இரு முனையிலும் சீட்டு ஒட்டிவிட்டால், பின்னால் பேனலுக்கடியில் மல்லாந்து படுத்து வேலை பார்ப்பவருக்குப் பேருதவி.

டிரான்ஸ்பாண்டர் கேபிளுக்கு மட்டும் இன்னொரு கட்டம் உண்டு. அமெரிக்காவில் 91.413 விதிப்படி 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்காத டிரான்ஸ்பாண்டரைப் பயன்படுத்த முடியாது. பி வகைக் கருவியாக இருந்தால் ஆன்டெனா முனையில் குறைந்தது 70 வாட் உச்சத் திறன் வர வேண்டும் என்கிறது அந்தச் சோதனையின் வரையறை. பெட்டி நலமாக இருந்தும் அந்த எண் எட்டவில்லை என்றால், அங்கீகாரம் பெற்ற பணிமனையின் டெக்னீஷியன் டார்ச்சோடு முதலில் குனிந்து பார்க்க வேண்டியது ட்ரேயின் முதுகிலுள்ள அந்த ரைட்-ஆங்கிள் கனெக்டரையும், அதை விட்டு வெளியே வரும் முதல் சில அங்குலக் கேபிளையும்தான்.