கடைக் கூண்டும் பக்கத்து வீட்டுக் கூண்டும்

ஆம்பூரில் ஒருவருக்குக் கினிப்பன்றி வளர்க்கும் ஆசை வந்தால் நேராகப் போவது மீன்தொட்டிக் கடைக்குத்தான். லவ் பேர்ட்ஸ் கூண்டுகளுக்குக் கீழே, முயலோடு முயலாக, மரத்தூளில் குட்டிகள் ஒண்டிக்கொண்டிருக்கும். பிள்ளை கை காட்டும், கடைக்காரர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொடுப்பார், வேலை முடிந்தது. நாய் என்றால் "வாங்காதே, தத்தெடு" என்று சொல்ல இன்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கினிப்பன்றிக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. சொன்னாலும், "எங்கே போய்த் தத்தெடுக்கிறது?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கென்றே தனிக் காப்பகங்கள் நடக்கின்றன. நம் பக்கம் சென்னையில் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், பெங்களூரில் 1991இல் தொடங்கிய கியூப்பா போன்றவை பெரிய அமைப்புகள். ஆனால் அவர்களுக்குத் தெருநாய், பூனை, அடிபட்ட மாடு என்று பார்க்கவே நேரம் போதாது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கினிப்பன்றிக் காப்பகம் என்று பலகை மாட்டிய இடம் கிடையாது.

இருந்தும் என் வீட்டில் இருக்கிறவற்றில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதல்ல. நான் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிட்சிங் பிரிவில் சூப்பர்வைசர். என் லைனில் தைக்கிற பெண்கள் மாதனூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். யார் வீட்டில் கூண்டு நிரம்பி வழிகிறது, யார் வீட்டில் பிள்ளைக்கு அலுத்துப்போய் மொட்டைமாடியில் கிடக்கிறது என்பதெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானாகக் காதுக்கு வந்துவிடும். வாங்கிவிட்டு வைத்துக்கொள்ள முடியாமல் முழிக்கிற வீடுகளிலிருந்து எடுப்பதுதான் இங்கே தத்தெடுப்பு. அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கடையிலேயே பார்க்கலாம். லைனில் வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி மகனுக்கு ஜோடி வாங்கக் கூப்பிட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, சரி, பார்த்தாவது வாங்கட்டும் என்று கூடப் போனேன்.

"ரெண்டும் பொட்டைதானே பாய்?"

"ரெண்டும் பொட்டைதாம்மா. கண்ண மூடினு எத்தினு போங்க."

கண்ணை மூடவில்லை. ஒன்றை மல்லாக்கப் பிடித்து, பிறப்புறுப்புக்குச் சற்று மேலே விரலால் லேசாக அழுத்தினேன். ஆணாக இருந்தால் உறுப்பு வெளியே தலைகாட்டும். பெண்ணாக இருந்தால் ஆங்கில ஒய் எழுத்துப் போல ஒரு பிளவு மட்டும் தெரியும். தலைகாட்டியது. பாய் சிரித்துக்கொண்டே, "அப்ப ஜோடிதான், நல்லதுதானே" என்றார். ஏமாற்றுகிற மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பெட்டியில் வருவதை அப்படியே தள்ளிவிடுகிறார். திருப்பிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனால் அந்த "நல்லதுதானே"யில்தான் எல்லாத் தொல்லையும் இருக்கிறது. பெண் கினிப்பன்றி பிறந்த ஒரு மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். ஆண் குட்டியை மூன்றாவது வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்தாக வேண்டும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்துக்குள் தாய் மறுபடி சேரும். இத்தனையும் ஒரே கூண்டில் நடந்தால் தீபாவளிக்கு வாங்கிய ஜோடி சித்திரைக்குள் ஒரு கூட்டம். கடையிலோ ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. ஆக, நீங்கள் ஒற்றைப் பெண் குட்டியாகப் பார்த்து வாங்கினாலும் அது ஏற்கெனவே சினையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வளர்ச்சி முடியாத உடம்பில் சினை என்றால் தாய்க்கும் ஆபத்து. நேர்மாறாக, ஏழெட்டு மாதம் வரை குட்டியே போடாத பெண்ணை அதன் பிறகு சேரவிட்டால் இடுப்பெலும்பு இறுகிப்போய்க் குட்டி வெளியே வராமல் தாயே போய்விடலாம். "ஒரு தடவை குட்டி போடட்டும், பார்க்க ஆசையாக இருக்கும்" என்கிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வது.

சட்டம் இருக்கிறது. செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று மத்திய அரசு 2018இல் விதிகள் கொண்டுவந்தது. அதில் நாய், பூனை, முயலோடு கினிப்பன்றியின் பெயரும் இருக்கிறது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. கடையில் ஏறியதும் பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதி கூண்டில் தெரியும். முயலும் கினிப்பன்றியும் ஒரே கூண்டில் இருந்தால் அங்கே வாங்காதீர்கள். முயலுக்கு ஒன்றும் செய்யாத ஒரு கிருமி, பார்டெட்டெல்லா என்று பெயர், கினிப்பன்றிக்குப் போனால் நிமோனியா வரவைக்கும். முயலின் பின்னங்கால் உதையும் சாதாரணமல்ல. தரை கம்பி வலையாக இருந்தால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவந்து தடித்திருந்தால் அந்தப் புண் ஆறுவது லேசில்லை. மூக்கு, கண் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். காதோரம் வைத்துக் கேட்டால் மூச்சில் கரகரப்பு இருக்கக் கூடாது. உடம்பில் சொட்டைச் சொட்டையாக முடி கொட்டியிருந்தால் பூச்சியோ படையோ என்று சந்தேகப்படலாம். படை நமக்கும் ஒட்டும். ஆனால் இரண்டு காதுக்கும் பின்னால் சின்னதாக ஒரு வழுக்கை எல்லாக் கினிப்பன்றிக்கும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து ஓடியவர்களும் இருக்கிறார்கள்.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கோதுமையும் உடைத்த சோளமும் மட்டும் கிடந்தால் கதை மோசம். நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு மருத்துவர்கள் வேறொரு நோயை ஆராயப் போய், கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள், வந்தது ஸ்கர்வி. மாலுமிகளைக் கொன்ற அந்த நோய் உணவுக் குறையால் வருவது என்று பிடிபட அந்தச் சோதனை பெரிய உதவி. இன்றைக்கும் கடைக்கூண்டில் அதே சோதனை நடக்கிறது, குறித்துவைக்கத்தான் ஆளில்லை. மூட்டு வீங்கி, எழுந்து நடக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் குட்டியை "சாதுவா இருக்குது பாருங்க" என்று காட்டுவார்கள்.

இனி வீட்டிலிருந்து எடுப்பதைப் பற்றி. அதுவும் தேன் தடவிய கதை இல்லை.

பேர்ணாம்பட்டுச் சாலையில் ஒரு வீடு. மாடிப்படிக்கு அடியில், பழைய டிரம்மை நீளவாக்கில் அறுத்து அதற்குள் தாய், தகப்பன், பிள்ளை, பேரன் எல்லாம் ஒன்றாக விட்டிருந்தார்கள். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை; வேளை தவறாமல் முட்டைக்கோஸ் மட்டை போடுகிறார். ஆனால் நகம் வளர்ந்து வளைந்து பாதத்தையே குத்துகிறது. முதுகில் பொருக்கு. தொட்டால் கிறீச் என்று கத்திக் காலை உதறியது ஒன்று. அதை நானும் வெறும் பயம் என்றுதான் நினைத்திருப்பேன், முன்பே ஒரு கால்நடை டாக்டர் சொல்லியிராவிட்டால்: சொறிப்பூச்சி முற்றினால் அரிப்பு தாங்காமல் வலிப்பே வரும். கூடத்தில் பாய் விரித்து, நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க, அந்த அம்மாளின் பேத்தி ஆணை ஒரு கூடையிலும் பெண்ணை ஒரு கூடையிலும் பிரித்து வைத்தாள். பெண்கள் எல்லாவற்றையும் சினை என்றே எண்ணிக்கொள்ளச் சொன்னேன். அப்படியேதான் ஆயிற்று.

எனக்கு அங்கே கிடைத்தது எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று: தகவல். எது எப்போது பிறந்தது, எது எதோடு சண்டை போடும், எதற்கு வெள்ளரிக்காய் கொடுத்தால் வயிறு இளகும், இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருப்பது எது, எல்லாம் அந்தப் பேத்திக்கு மனப்பாடம். நோய் இருந்தது உண்மை. அது கண்ணுக்குத் தெரிந்த நோய், மருந்துள்ள நோய். கடைக்குட்டியில் எது ஒளிந்திருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். இவை ஐந்து முதல் ஏழு வருடம் வரை இருக்கும் உயிர்கள். வளர்ந்ததை எடுத்தால் ஆயுசு குறைவாயிற்றே என்று யோசிக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு பதில்: மனிதக் கைக்குப் பழகிய இரண்டு வயசுப் பெண் கினிப்பன்றி, பயந்து நடுங்கும் குட்டியைவிடப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆயிரம் மடங்கு தேவலை.

எங்கிருந்து எடுத்தாலும் இரண்டு மூன்று வாரம் தனியறையில் வையுங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை போடுங்கள். நோய் வந்தால் வெளியே காட்டாத பிராணி இது. எடை குறைவதுதான் முதல் அறிகுறி. ஒற்றையாக எடுக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் ஒற்றையாக வளர்ப்பதையே சட்டம் தடுக்கிறது. இரண்டு பெண் சேர்ந்து இருக்கலாம், கூடப் பிறந்த இரண்டு ஆணும் இருக்கலாம், இரண்டுக்கும் ஏழெட்டுச் சதுர அடி தரை வேண்டும். கடைகளில் விற்கும் கூண்டு அதில் பாதிகூடத் தேறாது.

உணவில் நான் காசு செலவழிப்பது மிகக் குறைவு. வெளிநாட்டு டிமோதி புல் பாக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். அருகம்புல்லைக் கழுவி நிழலில் காயவைத்துத் தாராளமாகப் போட்டால் போதும். மாடு வைத்திருக்கிறவர்கள் வளர்க்கும் கம்பு நேப்பியரின் இளந்தாளும் சரி. பல் நிற்காமல் வளர்கிற பிராணி என்பதால் நாள் முழுக்கப் புல் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது. வைட்டமினுக்குக் கொய்யாவில் ஒரு துண்டு, குடைமிளகாயில் ஒரு கீற்று, ஒரு பிடி கொத்தமல்லி. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் போதும் என்கிறபோது பாக்கெட் சொட்டுமருந்துக்கு என்ன வேலை? முருங்கைக்கீரை, அகத்திக்கீரை நமக்கு நல்லதுதான். அதற்குத் தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து கூடி மூத்திரப்பையில் கல் வரும்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. தோல் ஷாப்பிலிருந்து வரும் ஷேவிங் தூள் மெத்தென்று இருக்கிறதே, சும்மா கிடைக்கிறதே என்று கூண்டில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குரோமில் பதனிட்ட தோலின் தூள் அது. நாளெல்லாம் அதில் மூக்கை வைத்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு வேண்டவே வேண்டாம். பழைய பருத்திப் புடவை மடித்துப் போட்டு, தினம் துவைத்து மாற்றுங்கள். அடுத்தது தண்ணீர். தோல் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்ட வழக்கு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. நாம் வாயில் வைக்காத போர் தண்ணீரை அதன் பாட்டிலில் நிரப்பாதீர்கள்.

மருந்து விஷயத்தில் கைவைத்தியம் கூடாது. முக்கியமாக, வீட்டில் பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப். பென்சிலின் வகை மருந்து வாய்வழியே போனால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, பிராணியே போய்விடும். சொறிக்கு ஊசி போடுவதென்றால் எடை பார்த்து அரசு கால்நடை மருந்தகத்திலேயே போட்டுவிடுவார்கள். பல், கல், அறுவை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதுதான். நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். அந்தப் பயணச் செலவு குட்டி விலையைத் தாண்டிவிடும். அதற்கு மனசு தயாரா என்று முதலில் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காலக் கணக்கு. கடைகளில் குட்டிகள் அதிகம் போவது முழுப்பரீட்சை லீவில், ஏப்ரல், மே மாதங்களில். இந்தப் பிராணிக்கு 30 டிகிரி தாண்டினாலே உயிர் போகும் ஆபத்து; நம் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 40 தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வந்த முதல் வாரத்திலேயே எத்தனையோ போய்ச் சேருகின்றன. ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் கூண்டில் கடப்பைக்கல் துண்டு போட்டு, சணல் சாக்கை நனைத்து மேலே தொங்கவிட்டு, ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். புதிதாக வேண்டுமென்கிறவர்கள் மட்டும் ஜூன் வரை பொறுங்கள். பள்ளிக்கூடம் திறந்து, யூனிஃபார்மும் நோட்டும் வாங்கி, கூண்டைக் கழுவ யாருக்கும் நேரமில்லாமல் போகிற மாதம் அது. தெருவிலும், வேலை செய்கிற இடத்திலும், பிள்ளைகளின் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். தருவதற்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். பணம் கேட்க மாட்டார்கள். கூண்டையும் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.