கதை எழுதலாம் வாங்க! (ஒரே ஒரு பொருள் போதும்)



நம்ம சுவர் இதழில் பொன்மொழி இருக்கு, விடுகதை இருக்கு, அறிவியல் துணுக்கு இருக்கு, கோலம்கூட இருக்கு. ஆனால் ‘சிறுகதை’ என்று கட்டம் போட்டு வைத்த இடம் மட்டும் இரண்டு இதழாகக் காலி. யாரோ அதில் பூ வரைந்து நிரப்பிட்டாங்க. ஏன் யாருமே கதை தரலை என்று கேட்டால் இரண்டே பதில்தான் வருது. ஒன்று: “எழுத ஒண்ணுமே தோணலப்பா.” இன்னொன்று: “ஆரம்பிச்சேன், பாதியில எங்கயோ போயிடுச்சு.”

இந்த இரண்டு நோய்க்கும் ஒரே மருந்துதான். ஒரு கதைக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் தொடக்கூடிய பொருள். கதை முடிகிற வரைக்கும் அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கதை தோன்றுவதும் அதிலிருந்துதான், கவனம் சிதறாமல் இருப்பதும் அதனால்தான். எப்படி என்று பார்ப்போம்.

<b>ஒரே ஊர், இரண்டு எழுத்தாளர்கள்</b>

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு ஊர். கரிசல் காட்டுச் சின்ன ஊர். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் அந்த ஊர்க்காரர்கள்தான். இருவரும் நண்பர்கள். இருவருக்குமே சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970-ஆம் ஆண்டுக்கான விருது, ‘அன்பளிப்பு’ என்ற தொகுப்புக்கு. கி.ரா.வுக்கு 1991-இல், ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு.

கி.ரா. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை, விவசாயம் பார்த்தவர். 2021-இல் இறக்கும் வரை கதை சொல்லிக்கொண்டே இருந்தார். இவர்கள் கதைக்காக லண்டனுக்கும் போகலை, ராஜா அரண்மனைக்கும் போகலை. பிறகு எதைத்தான் எழுதினாங்க?

கி.ரா.வின் பேர்பெற்ற ஒரு கதைக்குப் பெயரே ‘கதவு’. ஏழை வீட்டுக் கதவு. பிள்ளைகளுக்கு அதில் ஏறி ஆடுவதுதான் விளையாட்டு. தீர்வை பாக்கிக்காக ஒருநாள் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவு இல்லாத வீட்டில் ராத்திரி குளிர் காற்று வீசினால் என்ன ஆகும்? அதுதான் கதை. முடிவை நான் சொல்ல மாட்டேன், நீங்களே தேடிப் படிங்க.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளிக்கு முதல்நாள் அப்பா அம்மா இல்லாத ஒரு பையன் ஒரு ஏழை வீட்டுக்கு வருகிறான். உடுத்தத் துணி இல்லை. அந்த வீட்டில் இருப்பதோ கொஞ்சம்தான். அதிலிருந்து அவனுக்கு ஒரு துண்டு தருவதா வேண்டாமா என்பதில் நம்ம கண் கலங்கிடும்.

கவனிச்சீங்களா? ஒரு கதவு, ஒரு துண்டு. இரண்டும் நம்ம எல்லார் வீட்டிலேயும் இருக்கு. நாம தினமும் பார்க்கிறோம், ஆனால் அவர்கள் பார்த்த மாதிரி பார்ப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

<b>பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?</b>

அழகான பொருள், விலை உயர்ந்த பொருள் என்று தேடாதீங்க. வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “இது தொலைஞ்சு போனா யார் அழுவாங்க?” யாரோ ஒருத்தர் அழுவார் என்றால் அதற்குள் கதை இருக்கு. ஆச்சியோட மூக்குக்கண்ணாடி, அப்பாவோட சைக்கிள், ரேஷன் கார்டு, ஆட்டுக்குட்டி கட்டுற கயிறு, அம்மாவோட செல்போன், தங்கச்சியோட ஒத்தைக் கொலுசு. எல்லாமே கதைதான்.

உதாரணத்துக்கு நான் ஒரு குடத்தை எடுத்துக்கிறேன். தெருக்குழாயில் வரிசை போட்டு வைக்கிற பிளாஸ்டிக் குடம். அதைக் கதையாக்க ஐந்து படிகள்:

<b>படி 1: உற்றுப் பார்.</b> குடத்தை முன்னால் வைத்துப் பத்து விஷயம் எழுதணும். மஞ்சள் நிறம். கழுத்துல சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு (அடையாளத்துக்கு). அடியில ஒரு விரிசல், சோப்பு வைத்து அடைச்சிருக்கு. இப்படி. முதல் நான்கு எல்லாருக்கும் தெரிவதாகத்தான் இருக்கும். ஏழாவது எட்டாவதில்தான் நல்லது வரும். அதனால் நான்கோடு நிறுத்தக் கூடாது.

<b>படி 2: யாருக்கு வேணும்? ஏன் இன்னைக்கே வேணும்?</b> செல்வி என்று ஒரு பிள்ளை. நாலு நாளைக்கு ஒருதடவை தண்ணி வருது. இன்னைக்குத்தான் வரும். ஆனால் இன்னைக்குத்தான் காலாண்டுக் கணக்குப் பரீட்சையும். ‘இன்னைக்கே’ என்ற சொல் சேர்ந்தால்தான் கதைக்கு வேகம் வரும். நாளைக்கும் பிடித்துக்கொள்ளலாம் என்றால் கதை தூங்கிடும்.

<b>படி 3: எது தடுக்குது?</b> வரிசையில் செல்வி குடம் பதினொன்றாவது. மணி ஒன்பதாகப் போகுது, தண்ணி இன்னும் வரலை. அம்மா அதிகாலையிலேயே வேலைக்குப் போயாச்சு. பின்னால் நிற்பது பக்கத்து வீட்டு அத்தை. போன வாரம் இதே வரிசையில் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத அத்தை.

<b>படி 4: அவள் என்ன செய்கிறாள்?</b> இங்கேதான் நிறைய பேர் “செல்வி மிகவும் வருந்தினாள், கண்ணீர் விட்டாள்” என்று ஒரு பக்கம் எழுதுவோம். வருந்தினால் கதை நகராது, ஏதாவது செய்தால்தான் நகரும். செல்வி குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு, அத்தை முகத்தைப் பார்க்காமல், பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடுறாள். பரீட்சை எழுதும்போதும் காது மட்டும் குழாயடியிலேயே இருக்கு.

<b>படி 5: முடிவு அந்தப் பொருளிலிருந்தே வரணும்.</b> இதுக்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: கலெக்டர் வந்து வீட்டுக்கு வீடு குழாய் போட்டுத் தருகிறார். கேட்க நல்லா இருக்கு, ஆனால் கலெக்டர் இந்தக் கதையில் அதுவரை இல்லையே! திடீர்னு எங்கிருந்து வந்தார்?

இரண்டாவது: செல்வி கண் விழித்தாள், எல்லாம் கனவு. இது படிக்கிறவங்களை ஏமாற்றுவது.

மூன்றாவது: சாயங்காலம் செல்வி ஓடி வருகிறாள். குழாயடியில் யாரும் இல்லை, குடமும் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்தால் ஒரு பச்சைக் குடம் தளும்பத் தளும்ப நிற்குது. பக்கத்தில் அவளோட மஞ்சள் குடம் காலியாகக் கவிழ்த்து வைச்சிருக்கு. பச்சைக் குடம் அத்தையோடது. மஞ்சள் குடத்தில் பிடித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் ஒழுகிடும் என்று அத்தை விரிசலைப் பார்த்திருக்காங்க. இனி பச்சைக் குடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகணும். போனால் பேசணும்.

மூன்றாவது முடிவை நான் யோசித்துக் கண்டுபிடிக்கலை. முதல் படியில் எழுதின விரிசல்தான் அதைக் கொடுத்தது. அதனால்தான் உற்றுப் பார்க்கணும் என்று சொல்றேன்.

<b>பாதியில் ஓடிப்போகும் மனசை எப்படிப் பிடிப்பது?</b>

1. தாளின் உச்சியில் ஒரு வரி எழுதுங்க: “இது குடத்தைப் பற்றிய கதை.” நடுவில் செல்வியோட மாமா கல்யாணம், திருவிழா, கிரிக்கெட் என்று எது வந்தாலும், “இதுக்கும் குடத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேளுங்க. சம்பந்தம் இல்லையா, அடிச்சிடுங்க. மனசு வரலைன்னா வேற தாளில் எழுதி வைங்க. அது அடுத்த கதைக்கு ஆகும்.

2. ‘நேரம் கிடைச்சா எழுதுவேன்’ என்றால் கிடைக்கவே கிடைக்காது. வீட்டு வேலை, தம்பி தங்கச்சி, வீட்டுப்பாடம் எல்லாம் நமக்கு இருக்கு. அதனால் 15 நிமிடம் போதும், ஆனால் தினமும் ஒரே நேரம். சத்துணவு சாப்பிட்டுக் கை கழுவினதும் மணி அடிக்கிற வரைக்கும் உள்ள நேரம் நல்ல நேரம். பழைய நோட்டில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்தால் கதை நோட்டு ரெடி.

3. எல்லாம் தீர்ந்துபோன இடத்தில் நிறுத்தாதீங்க. அடுத்த வரி என்ன என்று தெரியும்போதே நிறுத்துங்க. அப்போதான் நாளைக்கு உட்கார்ந்ததும் கை தானா ஓடும்.

4. எழுதும்போதே எழுத்துப்பிழை பார்க்காதீங்க. ற, ர சந்தேகம் எல்லாம் கடைசியில் தமிழம்மாகிட்ட கேட்டுக்கலாம். நடுவில் நின்னா கதை ஆறிடும்.

5. முடித்ததும் வீட்டில் படிக்கத் தெரியாத ஒருத்தருக்கு வாசித்துக் காட்டுங்க. எங்க ஆச்சிதான் எனக்கு. ஆச்சி “அப்புறம்?” என்று கேட்டால் அந்த இடம் நல்லா இருக்கு. “சரி சரி” என்றால் அந்த இடத்தை வெட்டணும்.

<b>இடமே இல்லாதவர்களும் எழுதினார்கள்</b>

“எங்க வீட்ல உட்கார்ந்து எழுத இடமே இல்ல” என்று சொல்கிறவர்களுக்கு ஒரு உண்மை. எழுத்தாளர் சல்மா 1968-இல் திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்தவர். 13 வயதில் அவர் படிப்பு நிறுத்தப்பட்டது. அதாவது நம்ம வயசைவிட ஒரு வயசு குறைவு. அவர் வீட்டுக்குள்ளேயே இருந்து படித்தார், கல்யாணம் ஆன பிறகும் மறைத்து மறைத்து எழுதினார், சொந்தப் பெயரைக்கூடப் போட முடியாமல் சல்மா என்ற புனைபெயரில் எழுதினார். 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற பெரிய நாவலே வெளிவந்தது. அதுவும் வீட்டுக்குள் இருக்கிற பெண்களைப் பற்றித்தான். வெளியே போக விடாதவருக்கு வீட்டுக்குள்ளேயே அவ்வளவு கதை இருந்திருக்கு. நமக்குப் பள்ளிக்கூடம் வரும் வழி முழுக்க இருக்கு!

<b>ஒரு எச்சரிக்கை</b>

சுவர் இதழை எல்லாரும் படிப்பாங்க. அதனால் பக்கத்து வீட்டுச் சண்டையை, தோழி ரகசியமாகச் சொன்ன கஷ்டத்தை அப்படியே பெயரோடு எழுதக் கூடாது. பெயரை மாத்துங்க, தெருவை மாத்துங்க, அக்காவை அண்ணனா மாத்துங்க. பிறகும் அவங்க படிச்சா மனசு நோகும் என்று தோன்றினால் அந்தக் கதை சுவருக்கு வேண்டாம், நோட்டிலேயே இருக்கட்டும். குடம் யார் வீட்டுக் குடம் என்று தெரியாமலே கதை படிக்கிறவங்களுக்குப் புரியணும்.

<b>நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்?</b>

காலையில் அஞ்சு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோட அக்காக்கள் ஓடிப்போய் ஏறுவாங்க. அதில் ஒரு அக்கா நம்ம பள்ளிக்கூடத்தில் படித்தவங்கதான். அவங்க கதை சொன்னா சாப்பாட்டு மணி அடித்ததுகூடத் தெரியாது. பேய்க்கதை, சிரிப்புக்கதை, அழுகைக்கதை, எல்லாம் வாயாலேயே சொல்வாங்க. ஒன்றையும் தாளில் எழுதலை. போன மாசம் அவங்ககிட்ட, “அந்தக் கிணத்துக் கதையை மறுபடி சொல்லுங்கக்கா” என்று கேட்டேன். “மறந்து போச்சு பிள்ள, தூங்கவே நேரம் பத்தல” என்றாங்க. கேட்ட எங்களுக்கும் பாதிதான் ஞாபகம் இருக்கு.

அந்த வேனைப் பற்றி, அந்தத் தூக்குவாளியைப் பற்றி நான் இதுவரை ஒரு கதைகூடப் படித்ததில்லை. வெளியூர்க்காரங்க வந்து எழுதுவாங்க என்று காத்திருக்க முடியாது. அவங்களுக்குத் தூக்குவாளி தெரியும், அதுக்குள் என்ன இருக்கும் என்று தெரியாது. நமக்குத் தெரியும்.

<b>செய்து பாருங்கள்</b>

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்க:

அ) பொருள் என்ன? அதில் யாரும் கவனிக்காதது எது?
ஆ) அது யாருக்கு வேணும்? ஏன் இன்னைக்கே?
இ) எது, அல்லது யார் தடுக்கிறார்?
ஈ) அவர் என்ன செய்கிறார்?
உ) கடைசியில் அந்தப் பொருள் எங்கே, யார் கையில் இருக்கு?

ஐந்து வரி ஆச்சா? கதையோட எலும்பு தயார். இனி தினம் 15 நிமிடம், ஒரு வாரம். ஒரு பக்கம் வந்தால் போதும். வெள்ளிக்கிழமை தமிழம்மாகிட்ட குடுங்க. ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் குடுக்கலாம். கையெழுத்து நல்லா இல்லையென்று தயங்குகிறவங்க என்னிடம் தந்தால் நான் எழுதி ஒட்டுகிறேன். கதையின் கீழே உங்கள் பெயர்தான் இருக்கும்.

அடுத்த இதழில் அந்தக் கட்டத்தில் பூ வரைய இடம் இருக்கக் கூடாது!



– 9-ஆம் வகுப்பு மாணவி